‘ஏன் அங்கே?’ என்ற கேள்விக்கு இரண்டு வருடம்

‘இந்த ஆய்வை ஏன் அமெரிக்காவில் செய்ய வேண்டும்?’ என்ற உதவித்தொகை விண்ணப்பக் கேள்விக்கு முதல் தடவை நான் எழுதிய பதில் இன்னும் என் மடிக்கணினியில் கிடக்கிறது. உலகத்தரம் வாய்ந்த நூலகங்கள், புகழ்பெற்ற பேராசிரியர்கள், பல நாட்டு மாணவர்களோடு கருத்துப் பரிமாற்றம். இப்போது படித்தால் காது சுடுகிறது. வேதியியல் படிக்கும் என் அறைத்தோழிகூட ஒரு எழுத்து மாற்றாமல் அதை அனுப்பியிருக்கலாம். நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகையைச் சொல்கிறேன். இந்தியாவில் பிஎச்.டி. பதிவு செய்து குறைந்தது ஒரு வருடமாவது ஆனவர்கள், ஆறு முதல் ஒன்பது மாதம் வரை ஒரு அமெரிக்கப் பல்கலையில் வருகை ஆய்வாளராக இருந்துவிட்டு வரலாம். அங்கே பட்டம் எதுவும் கிடையாது. போய், தேடி, படித்து, திரும்பி வந்து இங்கே ஆய்வேட்டை முடிக்க வேண்டும். நான் மகளிரியல் துறை. 1978இல் ஜெயா அருணாசலம் மெட்ராஸில் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்தான் என் ஆய்வுக் களம். பூ விற்பவர்கள், இட்லிக்கடை வைத்தவர்கள், கூடைக்காரிகள் எல்லாரும் காலையில் தொண்ணூறு ரூபாய் வாங்கி மாலையில் நூறாகத் திருப்பித் தந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களைத் தெருவாரியாகக் குழு சேர்த்து, தேசிய வங்கிகளில் 4 சதவீத வட்டிக் கடன் வாங்கித் தந்தது அந்த அமைப்பு. அந்தச் சலுகை வட்டித் திட்டம் 1972லேயே வந்துவிட்டது. ஆனால் சொத்தோ ஜாமீனோ இல்லாத ஒரு பெண் வங்கிப் படியேறி அதைக் கேட்டு வாங்குவது வேறு கதை.

நிராகரிப்பு மின்னஞ்சல் வந்த சில வாரங்களில் மயிலாப்பூரில் ஒரு பூக்கார ஆயாவைப் பேட்டி எடுக்கப் போனேன். அமைப்பின் ஆரம்ப கால உறுப்பினர் அவர். ஒரு மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னவர், திடீரென்று கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

“அப்பவே ஒரு வெள்ளைக்காரம்மா வந்து இதெல்லாம் கேட்டு எழுதிக்கினு போச்சு கண்ணு. எழுதினது எங்க போச்சுன்னு போய்ப் பாரேன். என்னையே எத்தினி வாட்டி கேப்பீங்க?”

பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக நான் தேடிய பதில் அது.

ஏனென்றால் அந்தக் காலத்துக் காகிதங்கள் நிஜமாகவே அங்கேதான் போயிருக்கின்றன. 1973இல் அமெரிக்க வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் பெர்சி திருத்தம் என்று ஒன்று வந்தது. உதவித் திட்டங்கள் பெண்களை வளர்ச்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்றது அது. 1975இல் மெக்சிகோ நகரில் ஐ.நா. பெண்கள் மாநாடு, தொடர்ந்து 1985 வரை பெண்களுக்கான பத்தாண்டு. ‘வளர்ச்சியில் பெண்கள்’ என்பது ஒரு துறையாகி, அதற்கென்று நிதியும் ஆலோசகர்களும் அறிக்கைகளும் கிளம்பின. பார்வையாளர்கள் மெட்ராஸுக்கும் வந்தார்கள். 1983இல் நியூயார்க்கில் இந்த அமைப்பைப் பற்றி ஒரு சிறு பிரசுரமே வந்தது. அதன் வெளியீட்டில் பங்கிருந்த, மக்கள்தொகை ஆய்வு அமைப்பான பாப்புலேஷன் கவுன்சிலின் ஆவணங்களும், 1952லிருந்து டெல்லியில் அலுவலகம் வைத்திருக்கும் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆவணங்களும் இன்று ஒரே இடத்தில் இருக்கின்றன. நியூயார்க்குக்கு வடக்கே ஸ்லீப்பி ஹாலோ என்ற ஊரில் இருக்கும் ராக்கஃபெல்லர் ஆவணக் காப்பகம் அது. ‘தூங்குமூஞ்சிப் பள்ளத்தாக்கு’ என்று வீட்டில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

இரண்டாவது விண்ணப்பத்தில் நூலகப் புகழ்ச்சி ஒரு வரி இல்லை. எந்தக் காப்பகம், எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டுகள், அதில் எதைத் தேடுவேன், கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று மட்டும் எழுதினேன். ‘கிடைக்காவிட்டால்’ பகுதியை எழுதச் சொன்னது ஒரு சீனியர் அக்கா. விண்ணப்பத்திலேயே எனக்குப் பிடித்த பத்தி அதுதான்.

அப்புறம் அழைப்புக் கடிதம். நம்மை ஏற்கத் தயார் என்று அங்கே ஒரு பேராசிரியர் எழுதித் தந்தால் விண்ணப்பத்துக்கு வலு. பதினேழு பேருக்கு எழுதினேன், நான்கு பேர் பதில் போட்டார்கள். முதல் ஒன்பது மின்னஞ்சல்களும் ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்து, என் கல்வி வரலாற்றை எல்.கே.ஜி. தவிர மற்ற எல்லாவற்றோடும் சொல்லின. ஒன்றுக்கும் பதில் இல்லை. பிறகு அவர்களுடைய ஒரு கட்டுரையில் எனக்கு இடறிய இடத்தைப் பற்றி நான்கு வரி, என் ஆய்வு மூன்று வரி, கேட்பது என்ன என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த நான்கு பதில்களும் இந்த ரகத்துக்கு வந்தவை.

அதில் ஒருவர் மகிழ்ச்சியோடு வரவேற்றுவிட்டுக் கடைசி வரியில் ‘பெஞ்ச் ஃபீ’ என்று ஒரு தொகையைக் குறிப்பிட்டிருந்தார். மேசைக்கும் நூலக அட்டைக்கும் நாம் கட்ட வேண்டிய கட்டணமாம். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால், இங்கே எனக்கு மாதாமாதம் வரும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.பைப் பல மாதம் சேர்த்தாலும் போதாது. ‘விசிட்டிங் ஸ்காலர்’, ‘விசிட்டிங் ஃபெல்லோ’ என்ற பெயர்களைப் பார்த்ததும் அவர்கள் நமக்குப் பணம் தருவார்கள் என்று நினைத்துவிடுகிறோம். நிறைய இடங்களில் அது வெறும் பெயர்தான். சில இடங்களில் பணம் நம்மிடமிருந்து அங்கே போகிறது. அறிவிப்பைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது யார் யாருக்குத் தருகிறார்கள் என்பதை. ஃபுல்பிரைட்டில் மாத உதவித்தொகை, விமானக் கட்டணம், மருத்துவக் காப்பு போக, இப்படிப் பல்கலை கேட்கும் இணைப்புக் கட்டணத்துக்கும் ஓரளவு தருகிறார்கள். நான் சேர்ந்த பல்கலை அந்தக் கட்டணமே கேட்கவில்லை.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று. “நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்” என்றார் ஒருவர். நம்மூரில் இது சகஜம். முதல் தடவை அப்படித்தான் செய்திருந்தேன். மூன்று கடிதமும் ஒரே ஆள் எழுதியது மாதிரி இருந்திருக்கும், ஏனென்றால் ஒரே ஆள்தான் எழுதியது. இந்த முறை ஆய்வுச் சுருக்கத்தையும், அவரோடு செய்த வேலைகளைப் பட்டியலிட்ட ஒரு பக்கத்தையும் கொடுத்து, “சார், நீங்களே எழுதினா நல்லா இருக்கும்” என்றேன். முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் எழுதினார்.

என்.ஓ.சி., அதாவது நான் போவதில் ஆட்சேபணை இல்லை என்று என் பல்கலை தரும் கடிதம். அதன் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. என் கோப்பு துறையிலிருந்து அலுவலகத்துக்குப் போய், ‘உதவித்தொகை நிறுத்திவைப்பு பற்றிக் குறிப்பு இல்லை’ என்று திரும்பி வந்து, குறிப்போடு போய், ‘வழிகாட்டி கையொப்பம் பச்சை மையில் இல்லை’ என்று மறுபடி வந்தது. நாற்பத்தோரு நாள். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று சொன்னது வாசலில் டீ விற்கும் அண்ணன். கடைசி தேதி ஜூலையில் என்றால் ஏப்ரலிலேயே கோப்பைக் கிளப்பிவிடுங்கள்.

நேர்காணலில் என் ஆங்கிலத்தைப் பற்றித்தான் பயம். பிளஸ் டூ வரை தமிழ் வழி. எதிர்பார்த்தபடியே ‘ஏன் அங்கே?’ வந்தது. ஆயா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டார், மற்றொருவர் சிரிக்கவில்லை. “சுய உதவிக் குழுவிலிருந்து இது எப்படி வேறு?” என்றார். 1989இல் தருமபுரியில் தொடங்கிய குழுக்களில் முதலில் சேமிப்பு, பிறகு கடன். இங்கே வங்கிக் கடன்தான் முதல் புள்ளி, அதைச் சுற்றித்தான் குழு கூடியது என்றேன். அதன்பிறகு பேச்சு சூடுபிடித்ததில் என் இலக்கணத்தை நானே கவனிக்கவில்லை.

ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா வரிசை அவ்வளவு கஷ்டமாக இல்லை. இந்த உதவித்தொகைக்கு விசா கட்டணமும் கிடையாது. ஆனால் இதற்குத் தரும் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தால்தான் எச்-1பி மாதிரி வேலை விசாவோ குடியேற்ற விசாவோ கேட்க முடியும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் சொல்லாமல் விட்டு ஒரு அமெரிக்க மாப்பிள்ளை ஜாதகம் வரை போய்விட்டது.

காப்பகத்தில் பென்சில் மட்டும்தான். பை, பேனா எல்லாம் வெளியே. ஒரு நேரத்தில் ஒரு கோப்புறை. ஃபோர்டின் நிதிக் கோப்புகள் பலவும் நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருள்களில் இருந்ததால் நாள் முழுக்க ஒரு திரையைப் பார்த்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளே கண் எரிச்சல். எதைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்பும் முன்பே இணையப் பட்டியலில் தேடி, காப்பாளருக்கு எழுதிவிட வேண்டும். நான் எழுதியிருந்ததால் போன முதல் நாளே பெட்டிகள் தயாராக இருந்தன.

திரும்பி வந்ததும், காப்பகத்தில் படம் எடுத்த பக்கங்களில் சிலவற்றை அச்செடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போனேன். அந்தக் காலத்தில் எழுதியவர்கள் எல்லாருக்கும் பிடித்த விஷயம், ஏழைப் பெண்கள் கடனை ஒழுங்காகக் கட்டியது. ஆயாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

“கட்னோம். மொத தவணைக்கு என் மூக்குத்தி சேட்டு கடையில இருந்துச்சு. அது இருக்குதா அதுல?”

இல்லை. நான் எடுத்து வந்த பக்கங்களில் எங்கேயும் இல்லை. என் நான்காம் அத்தியாயம் அந்த மூக்குத்தியில்தான் தொடங்குகிறது. கைடுக்கு இன்னும் உடன்பாடில்லை. அமெரிக்கா வரைக்கும் போய்விட்டு வந்து, ஆதாரம் மயிலாப்பூரில் இருக்கிறது என்றால் எப்படி என்கிறார்.