கலங்காத குழாய்

மதுரையில் படித்த காலத்தில் எனக்கு விப்ரியோ என்ற கிருமிக் குடும்பம் என்றால் காலரா மட்டும்தான். தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். அந்தக் குடும்பத்தில் உப்புத் தின்று வளரும் பங்காளிகளும் உண்டு என்பது, ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு தவறான அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது.

பாசி எடுக்கும் அம்மா ஒருவர் வந்திருந்தார். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறை இடுக்குகளில் மூச்சடக்கி மூழ்கி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கும் வேலை. பாறை கிழித்த கணுக்கால் வீங்கிச் சீழ் கோத்திருந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அமாக்சிசிலினை மூன்று நாள் விழுங்கியும் பயனில்லை.

சீழை இரத்த அகாரில், அதாவது இரத்தம் கலந்த கிருமி வளர்ப்புக் கூழில், தீற்றி 35 டிகிரியில் வைத்தோம். மறுநாள் சாம்பல் நிறக் காலனிகள், கிருமித் திட்டுகள். கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்புக் குச்சி வடிவங்கள். ஆக்சிடேஸ் நொதியைக் காட்டும் தாளில் வைத்ததும் கருநீலம். சில கிருமிகள் வளரும்போது உண்டாக்கும் இண்டோல் என்ற பொருளுக்கான சோதனை எதிர்மறை. ஆறாத புண்ணில் இந்தக் கூட்டணியைக் கண்டால் கை தானாகவே சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமியின் பெயரை எழுதிவிடும். என் கையும் எழுதியது. மூன்று சர்க்கரைகள் கலந்த முச்சர்க்கரைக் குழாயின் அடிப்பாகம் நொதித்து மஞ்சளாக மாறி, நான் அவன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவசரத்தில் கவனிக்கவில்லை. சூடோமோனாஸுக்கான மருந்துப் பட்டியலில் பெரும்பாலும் ஊசிகள். படுக்கையில் சேர வேண்டும். அந்த அம்மாவுக்கு அத்தனை நாள் கூலி போகும்.

கழுவப்போகும் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர், மீன்பிடிக் குடும்பத்துப் பெண், இண்டோல் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மேடம், இதில் ஒன்றுமே வளரவில்லையே" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். கிருமி வளர்ந்திருந்தால் கலங்கியிருக்க வேண்டும். அது குடிதண்ணீர் போலத் தெளிந்து கிடந்தது. கிருமியே வளராத குழாயில் இண்டோல் எங்கிருந்து வரும்? சோதனை நடக்கவே இல்லை. நாங்கள் முடிவு எழுதியிருந்தோம். அந்தக் குழாயில் கிருமிக்கு ஊட்டமாக ஊற்றிய பெப்டோன் நீர் உப்புச் சேர்க்காமல் காய்ச்சியது. இரத்த அகாரில் அரை விழுக்காடு உப்பு உண்டு, அதனால் அங்கே மட்டும் பிழைத்திருக்கிறது. உதவியாளருக்கு இதில் வியப்பே இல்லை. கடலில் பிறந்ததை நல்ல தண்ணீரில் விட்டால் சாகாதா என்று கேட்டுவிட்டுக் குழாய் கழுவப் போய்விட்டார்.

ஒரு விழுக்காடு உப்புச் சேர்த்துத் திரும்பப் போட்டோம். குழாய் கலங்கியது, இண்டோலுக்குச் சிவப்பு வளையம் வந்தது. எட்டு விழுக்காடு உப்பிலும் தாராளமாக வளர்ந்தது. விப்ரியோக்களை வளர்க்கும் டிசிபிஎஸ் அகாரில் பச்சைக் காலனிகள். காலராக் கிருமியாக இருந்தால் அதிலுள்ள சுக்ரோஸ் சர்க்கரையை நொதிக்க வைத்து மஞ்சளாகியிருக்கும். மற்றச் சோதனைகளையும் முடித்து, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்று எழுதினேன். 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாக உலர்த்திய குஞ்சுமீனைச் சாப்பிட்டு 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தபோது ஃபூஜினோ என்ற ஆய்வாளர் பிடித்த கிருமி. வயிற்றைக் கெடுப்பதுதான் அதன் வழக்கமான வேலை, கடல் நீர் பட்ட புண்ணையும் விடுவதில்லை.

கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை 1966இல் பாயரும் கிர்பியும் எழுதிவைத்த அதே முறைதான். கிருமிக் கரைசலின் கலங்கலை மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலின் அரை அளவுக்கு ஒப்பிட்டு, 4 மில்லிமீட்டர் கனமுள்ள முல்லர் ஹின்டன் அகாரில் பூசி, மருந்து வில்லைகளை வைக்க வேண்டும். எங்கள் ஊரின் ஈரக்காற்றில் வில்லைகளை நமத்துப் போகாமல் காப்பது தனிப் பாடு. காலையில் பார்த்தால் ஆம்பிசிலின் வில்லையின் விளிம்புவரை கிருமி ஏறி நின்றது. அதன் நெருங்கிய உறவான அமாக்சிசிலின் ஏன் பலிக்கவில்லை என்பது விளங்கியது. டெட்ராசைக்ளினைச் சுற்றி 24 மில்லிமீட்டர் வெற்று வட்டம். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து என் தவறைச் சொன்னேன். ஊசியை நிறுத்தி, டெட்ராசைக்ளின் இனத்து டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு மாற்றினார். மருந்துக்கடைக்காரரைத் திட்டலாம் என்று வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா கால் ஆறி வந்தார். பிளேட்டைக் காட்டி, இந்தக் கூழ் நீங்கள் எடுக்கிற பாசியிலிருந்தும் காய்ச்சுவதுதான் என்றேன். 1881இல் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண் தன் சமையலறையிலிருந்து ஆய்வகத்துக்குக் கொடுத்த யோசனை இது என்ற கதையையும் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை. அலமாரியில் இருந்த அகார் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைக் கிலோ பாட்டில்.

"இது என்ன விலை?" என்றார்.

பாதி விலையைத்தான் சொன்னேன். அதற்கே அவர் விரல்விட்டுக் கணக்குப் போடத் தொடங்கினார்.