முன்பு கைவைத்தவர்கள்

என் தாய்மாமா ஓட்டிய 1974ஆம் ஆண்டு புல்லட் 350, பொள்ளாச்சிக்கு அருகே அவருடைய தோட்டத்துச் சாளையில், உரமூட்டைகளுக்குப் பின்னால் 19 ஆண்டுகள் நின்றிருந்தது. அவர் மறைந்தபின் அத்தை அதை என்னிடம் ஒப்படைத்தபோது, துருவோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பொட்டாஷ் மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற இரும்பு என்ன கதிக்கு ஆளாகும் என்பது உழவு வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பின் மட்கார்டின் ஒரு பக்கம் அப்பளம்போல் நொறுங்கியது. ஆனால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுப் போர்டிகோவில் அமர்ந்து 14 மாதங்களில் முடித்த இந்த வேலையில் துருவுக்குச் செலவான நேரம் சொற்பம். எனக்கு முன்பு இந்த வண்டியில் கைவைத்தவர்கள் செய்துவிட்டுப் போன வேலைகளைத் திருத்துவதற்கே பெரும்பகுதி நேரம் போயிற்று.

முதல் சிக்கல் போல்ட்டுகளில் தொடங்கியது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டியான புல்லட்டை, 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரிக்கத் தொடங்கியபோது, வரைபடங்களோடு பிரிட்டிஷ் மறை (திருகுப்பல்) அளவுகளும் சேர்ந்தே வந்தன. அந்த மறைகளில் பலவற்றின் பற்கள் 55 பாகைக் கோணத்தில் அமைந்தவை. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டின் பற்களோ 60 பாகை. ஒரு அங்குலத்துக்கு இத்தனை பல் என்று எண்ணும் கணக்கும், பல்லுக்குப் பல் இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கும் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. தொலைந்த போல்ட்டுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை வைத்தால் இரண்டு சுற்று சுகமாக உள்ளே போகும், மூன்றாவது சுற்றில் இறுகும். நீளமான ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் எஞ்சினின் அலுமினிய உடல் விட்டுக்கொடுத்துவிடும். அப்படி மறை போன துளைகள் 11 இருந்தன. (இந்த வேலையில் இறங்கிய எனக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள்.) ஒவ்வொன்றையும் சற்றுப் பெரிதாகத் துளைத்து, சுருள்கம்பி வடிவிலான ஹெலிகாயிலைப் பதித்துச் சரிசெய்தேன். பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் ஒரு செட்டைச் சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் குவியலிலிருந்து தேடி எடுத்தேன்.

எஞ்சினின் வலப்பக்க டைமிங் மூடியைக் கழற்றிய நாளை மறக்க முடியாது. மூடியின் விளிம்பு முழுவதும் சிலிகான் பசை, சுண்டுவிரல் கனத்துக்குப் பிதுங்கிக் காய்ந்திருந்தது. கசிவை நிறுத்த வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் யாரோ அதைப் பூசியிருக்க வேண்டும். புல்லட்டின் எண்ணெய்ப் பாதை அந்த மூடிக்குள்ளேயே செல்கிறது என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. பம்ப் தள்ளும் எண்ணெய் மூடியிலுள்ள வழியாகச் சென்று, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் முனையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறிய கார்க் வளையத்தைக் கடந்து, தண்டுக்குள் புகுந்து, பிஸ்டனோடு தண்டை இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனைக்குப் போய்ச் சேர்கிறது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வளையத்தைப் புதிதாக மாற்ற வேண்டும்; விலை என்று பார்த்தால் ஒரு தேநீருக்கு மேல் ஆகாது. எங்கள் வண்டியில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிலிகான் உருண்டைதான் இருந்தது.

இதிலுள்ள சூழ்ச்சி என்னவென்றால், அந்த வளையம் இல்லாவிட்டாலும் எண்ணெய் ஓடுவதுபோலவே தெரியும். வளையத்தின் இடத்தில் கசியும் எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே வடிந்து, இரண்டாவது பம்ப்பின் வழியாக மேலே, வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்கும் அங்கிருந்து தொட்டிக்கும் திரும்பிவிடும். ராக்கர் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி எண்ணெய் வருகிறதா என்று பார்ப்பவர், வருகிறது என்று திருப்தியோடு மூடிவிடுவார். பட்டினி கிடப்பது கிராங்க் மட்டுமே. வண்டி ஏன் நின்றுபோனது என்று மாமாவுக்குக் கடைசிவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை. எஞ்சினைப் பிரித்து ராடைக் கையில் பிடித்து மேலும் கீழும் இழுத்தபோது எழுந்த 'டக் டக்' ஓசையில் எனக்கு விடை கிடைத்தது: எண்ணெய் இல்லாமல் அதன் அடிமுனை தேய்ந்துபோயிருந்தது.

கிராங்க்கைப் பிரித்து ராடின் அடிமுனைக்குப் புது புஷ் (உருளை உறை) போடுவதும், சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து ரீபோர் செய்வதும் வீட்டில் ஆகிற காரியமல்ல. கோவை கணபதியில் ஒரு பழைய லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். பெரியவர் கிராங்க்கை இரண்டு முனைகளுக்கிடையே நிறுத்தி, விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இதை இதுக்கு முன்னாடி சேர்த்தது ஆருங்க தம்பி?" என்று கேட்டார். தெரியாதென்றேன். "சுத்தியில அடிச்சுச் சேர்த்திருக்காங்க" என்றார். அதற்குமேல் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட இந்த 346 சிசி எஞ்சினில் கிராங்க் நேராக ஓடுவதற்கு நிகரான முக்கியம் வேறெதற்கும் இல்லை என்பதால், அந்த வேலைக்கு அவர் கேட்ட மூன்று வாரத்தை நான் ஐந்து வாரமாகவே கணக்கிட்டேன். ஆறு வாரம் ஆயிற்று.

பெட்ரோல் டேங்க்கின் உள்துருவை வினிகரை ஊற்றி, பழைய சைக்கிள் செயின் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்து, சோடா உப்புத் தண்ணீரால் கழுவினேன். சக்கரங்களுக்குக் கோட்டம் எடுப்பதைத் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடமே விட்டேன். அவருடைய காது ஆரக்கம்பியின் ஓசையிலேயே இறுக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. குரோமியம் பூசவில்லை. கண்ணாடிபோல் மின்னும் பழைய வண்டிகள் எனக்கு மணமேடைக்கு இழுத்துவரப்பட்ட முதியவர்களை நினைவூட்டுகின்றன.

எஞ்சினைச் சேர்த்தபின், தீப்பொறி எழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பிளாட்டினம் பாயிண்ட்டின் இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு அமைத்து, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பாகப் பாயிண்ட் திறக்கும்படி மெல்லிய தாளை நடுவில் வைத்துப் பார்த்து நிறுத்தினேன். வால்வுகளின் இடைவெளியை அமைக்கும் டேப்பட்டுகளை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அவற்றின்மேல் நிற்கும் புஷ்ராட் என்ற கம்பி விரலுக்குச் சுழலும் அளவுக்கு மட்டும் விட்டேன். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சி தாண்டவிட்டு, பின் முழு வீச்சாக மிதிக்கும் அந்த முறையை மாமா என் 12ஆவது வயதிலேயே காட்டியிருந்தார். ஏழாவது உதையில் வண்டி கிளம்பியது. அத்தைக்குத் தொலைபேசியில் கேட்கச் செய்தேன். "சத்தம் அவர் வண்டி மாதிரியேதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பாரம்பரிய வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். காய்கறி வாங்கவும் ஓட்ட வேண்டும் என்பதால், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, புதுப்பித்தலுக்குப் படிவம் 25, அதோடு பசுமை வரி என்று வழக்கமான வழியிலேயே போனேன். விளக்குகளை 6 வோல்ட்டிலேயே விட்டிருக்கிறேன். வெளிச்சம் அகல்விளக்குக்குச் சற்றே மேல் என்பதால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறேன்.

மீதமிருப்பது, எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடியிருக்கும் இடப்பக்க ப்ரைமரி மூடி. அதை நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டுதான் தாங்குகிறது. கசிவை நிறுத்த அதை யாரோ அளவுக்குமேல் முறுக்கியதில் மூடியே வளைந்துவிட்டது. கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து இரண்டு ஞாயிறு தேய்த்தும் அது முழுதாகச் சமமாகவில்லை. இப்போது ஒரு பிஸ்கட் டின் மூடியை அடியில் வைத்திருக்கிறேன். இரவில் நான்கைந்து சொட்டு விழுகிறது. புது ரப்பர் வளையம் வாங்க அடுத்த மாதம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போக வேண்டும்.