எங்க டேனரி தொட்டியில ஆள் எறங்க பர்மிட் முறை கொண்டுவந்த அனுபவம்

ராணிப்பேட்டை பக்கம் நைனா ஆரம்பிச்ச சின்ன டேனரி, அதாவது தோல் பதனிடற தொழிற்சாலை எங்களது, இப்ப நான்தான் பாத்துக்கறேன், நாப்பது பேர் வேலை செய்யறாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இன்ஸ்பெக்‌ஷன் வந்தாங்க. ஃபயர் எக்ஸ்டிங்குஷர், தோல் சுத்தற டிரம்முக்கு போட்ட தடுப்பு, முதலுதவிப் பெட்டி எல்லாம் பாத்துட்டு கடைசியா கழிவுத்தண்ணி தொட்டிகிட்ட வந்து நின்னு, இதுக்குள்ள ஆள் இறங்கறதுக்கு முன்னாடி யார் எழுதிக் குடுப்பாங்கன்னு கேட்டாங்க.

எங்க மேஸ்திரி நைனா காலத்து ஆள், அவரு பெருமையாவே சொன்னாரு, "வெளக்கு கொளுத்தி கயித்துல எறக்குவோம் சார், அணையலன்னா ஆள் எறங்கலாம்." அந்த ஆபீசர் கோவப்படல. பொறுமையா சொன்னாரு, வெளக்கு ஆக்ஸிஜன் இருக்கான்னு மட்டும்தான் சொல்லும், ஹைட்ரஜன் சல்பைடுன்ற விஷ கேஸ் இருக்கறத சொல்லாது, அதுவும் இல்லாம அது எரியற கேஸ், மீத்தேனும் சேர்ந்திருந்தா வெளக்கே வெடிக்க வெச்சிடும்னு. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, ஏன்னா இத்தினி வருஷமா அந்த வெளக்க நம்பித்தான் ஆள எறக்கினோம்.

அப்ப நடப்புல இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 36 எடுத்து படிச்சேன். தகுதியான ஆள் தானே டெஸ்ட் பண்ணி, உள்ள கேஸ் இல்லன்னு எழுத்துல சர்டிபிகேட் குடுக்கணும், இல்லன்னா எறங்கறவரு மூச்சுக்கருவி போட்டு இடுப்பு பெல்ட்டுல கயிறு கட்டி, கயித்தோட மறுமுனைய வெளிய ஒருத்தர் புடிச்சிருக்கணும். எங்ககிட்ட ரெண்டுமே இல்ல.

முதல்ல மூலத்த சரி பண்ணோம். தோல்ல முடி எடுக்க சுண்ணாம்போட சல்பைடு போடறோம்ல, அந்த தண்ணியும் பிக்லிங்னு தோல ஆசிட்ல ஊறவெக்கற தண்ணியும் ஒரே தொட்டியில விழுந்துட்டிருந்தது, ரெண்டும் கலந்தா அந்த கேஸ்தான் கெளம்பும். தனி பைப் போட்டு பிரிச்சோம், செலவு ஆச்சு, ஆனா இத செய்யாம டிடெக்டர் வாங்கி பிரயோஜனம் இல்ல. அப்புறம் நாலு வகை கேஸ அளக்கற டிடெக்டர், காத்து அடிக்கற ப்ளோயர், ஆள கயித்துல எறக்கி தூக்க மூணு கால் ஸ்டாண்டு, வின்ச், ஒடம்புல மாட்டற ஹார்னஸ் எல்லாம் வாங்கினோம். டிடெக்டர மேல, நடுவுல, அடியில மூணு இடத்துல வெச்சு பாக்கணும், ஹைட்ரஜன் சல்பைடு காத்த விட கனமான கேஸ், அடியிலதான் படுத்திருக்கும். அழுகின முட்டை நாத்தம் வந்தா தெரிஞ்சிடுமேன்னு பசங்க சொல்வாங்க, ஆனா 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 100 பங்கு கிட்ட போனா மூக்கே செத்துடும், நாத்தம் நின்னுடுச்சுன்னு நம்பி போறவங்கதான் விழறாங்க.

மாக் டிரில்னு வெச்ச ஒத்திகைதான் என்ன உலுக்கிடுச்சு. கழுவி காயவெச்ச தொட்டியில மணல் மூட்டைய போட்டு, ஆள் விழுந்துட்டான்னு கத்த சொன்னேன். ஓடி வந்த ரெண்டு பேரு நேரா ஏணியில கால வெச்சுட்டாங்க, அதுல ஒருத்தன் மேஸ்திரி மவன். ஒருத்தன் விழுந்தா காப்பாத்த எறங்கறவங்களும் சேர்ந்து சாவறது இப்படித்தான். மேஸ்திரி அந்த எடத்துலயே உக்காந்துட்டாரு. அதுக்கப்புறம் அவரே ஏணிக்கு சங்கிலி போட்டு பூட்டிட்டாரு, சாவி அவருகிட்ட, டெஸ்ட் பண்ணி எறங்கலாம்னு எழுதற பர்மிட்டுல கையெழுத்து இல்லாம தரமாட்டாரு. வடக்குல இருந்து வந்த பசங்களுக்காக இந்தியிலயும் போர்டு வெச்சோம்.

இன்னொன்னும் செஞ்சோம். 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில கழிவுத் தொட்டி சுவர் ஒடஞ்சு, தூங்கிட்டிருந்தவங்க மேல சேறு வந்து 10 பேர் போனாங்க, பெரும்பாலும் மேற்கு வங்கத்து பசங்க. எங்க பசங்க ரூமும் தொட்டி சுவத்துக்கு பின்னாடிதான் இருந்தது. கேட்டுகிட்ட மாத்திட்டோம்.

போன சித்திரையில தொட்டி கிளீனிங். லாரி வந்து நிக்குது, வெயில் கொளுத்துது, டிரைவர் ஹாரன் அடிக்கறாரு. டிடெக்டர் ஹைட்ரஜன் சல்பைடு மேல சைபர், நடுவுல 6, அடியில 38 பிபிஎம் காட்டி கத்துச்சு. ப்ளோயர் ரெண்டு மணி நேரம் ஓடியும் அடியில 10க்கு கீழ வரல. நான் கடிகாரத்த பாத்தேன். "தம்பி, நாளைக்கு பாத்துக்கலாம், லாரி வாடக போனா போவட்டும்"னு சொல்லி மேஸ்திரி சாவிய மறுபடி ஜோபியில போட்டுட்டாரு.