கேரவனில் ரெகுலேட்டர்: எது, எங்கே, எந்த உயரத்தில்

இங்கிலாந்தில் கேரவன்களையும் மோட்டார்ஹோம்களையும் பழுதுபார்க்கும் பட்டறையில் என் கைக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி எரிவாயு தொடர்பானது. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அந்தச் சிறிய வீட்டில் அடுப்பு, வெந்நீர்க் கொதிகலன், அறையைச் சூடாக்கும் ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாமே ஒரே சிலிண்டரை நம்பியிருக்கின்றன. குளிர்காலம் கழிந்து வண்டியை வெளியே எடுப்பவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: அடுப்பு தனியாக எரிகிறது, ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் சுடர் சுருங்கி அணைந்துவிடுகிறது, ஆகவே ரெகுலேட்டரை மாற்றித் தர வேண்டும். மாற்றுவது சிறிய வேலைதான். ஆனால் பழையது எதனால் கெட்டது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே போலக் கெடும்.

நம் ஊர்ச் சமையலறையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே சிலிண்டரின் வாய் ஒரே அளவு. ரெகுலேட்டரும் ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் வாயுவை விடும்படியே செய்யப்பட்டிருக்கிறது. இங்கே புயூட்டேன், புரொப்பேன் என இரண்டு வாயுக்களும் தனித்தனிச் சிலிண்டர்களில் விற்கப்படுகின்றன. புயூட்டேனுக்கு 28 மில்லிபார், புரொப்பேனுக்கு 37 மில்லிபார் என்பது பழைய வழக்கம். புயூட்டேன் கனமான வாயு, அதன் ஒரு லிட்டரில் வெப்பம் அதிகம். அதனால் ஒரே பர்னரில் ஒரே அளவு சூடு கிடைக்க அதற்குக் குறைந்த அழுத்தமே போதும். அந்த நாளைய வண்டிகளில் ரெகுலேட்டர் சிலிண்டரின் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. வாயுவை மாற்றினால் ரெகுலேட்டரையும் மாற்றியாக வேண்டும். இ.என். 1949 என்ற ஐரோப்பியத் தரம் 2002இல் வந்த பிறகு (1949 என்பது ஆண்டல்ல, தரத்தின் எண்) ஒரே 30 மில்லிபார் ரெகுலேட்டரை, சிலிண்டர் வைக்கும் வாயுப்பெட்டியின் சுவரில் நிரந்தரமாகப் பொருத்தி, இரண்டு வாயுக்களுக்கும் அதையே பயன்படுத்தும் முறை ஓரிரு ஆண்டுகளில் இங்கே பரவிவிட்டது.

ஆகவே, புது ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் சிலிண்டரைப் பார்ப்பதில்லை. உள்ளே போய் அடுப்பிலும் ஹீட்டரிலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்கிறேன். 30 மில்லிபார் என்று இருந்தால் 30தான். 28, 37 என்று அச்சிட்ட பழைய கருவிகள் இருக்கும் வண்டிக்கு, சிலிண்டரோடு மாட்டும் பழைய முறையே ஏற்றது. புதிய வகைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினால், ஒவ்வொரு கருவியும் அந்த அழுத்தத்தில் சரியாக எரிகிறதா என்று தகுதி பெற்ற எரிவாயுப் பொறியாளர் சோதித்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். 30க்கு வடிவமைத்த பர்னருக்கு 37ஐக் கொடுத்தால், காற்று போதாமல் சுடர் மஞ்சளாகி நீளும், கரி படியும். மூடிய சிறு அறையில் அது கார்பன் மோனாக்சைடு வரை போகக்கூடும்.

சில நேரங்களில் இரண்டு ரெகுலேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டப்பட்டு வருவதும் உண்டு. தோட்டத்து பார்பிக்யூவுக்கு வாங்கிய சிலிண்டரின் வாயில் அழுத்திப் பூட்டும் 37 மில்லிபார் ரெகுலேட்டர் ஒன்று, அதிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ், அது போய்ச் சேர்வது சுவரிலுள்ள ரெகுலேட்டரில். சுவரிலுள்ளதற்கு உள்வரும் அழுத்தம் குறைந்தது 0.3 பார், அதாவது 300 மில்லிபார் வேண்டும் என்று அதன் தகட்டிலேயே எழுதியிருக்கும். வெறும் 37ஐ வைத்துக்கொண்டு அதனால் என்ன செய்ய முடியும்? இத்தகைய சிலிண்டருக்கு அழுத்தத்தைக் குறைக்காத அடாப்டரும் உயர் அழுத்த ஹோஸும்தான் தேவை. கடும் குளிரில் புயூட்டேன் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான்: புயூட்டேனின் கொதிநிலை பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழே என்பதால், உறைபனிக் காலையில் சிலிண்டருக்குள் அழுத்தமே எழாது. அங்கே பழுது ரெகுலேட்டரில் இல்லை. புரொப்பேனுக்கு மாறினால் போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது பொருத்தும் உயரத்தைப் பற்றி. செயலிழந்த ஒரு சுவர் ரெகுலேட்டரைக் கழற்றி, அதன் நுழைவாயைத் தாளின் மேல் கவிழ்த்தால், சில வண்டிகளில் தேநீர் நிறத்தில் பிசுபிசுப்பான எண்ணெய் சொட்டும். துளை வழியே விளக்கடித்துப் பார்த்தால், வால்வு அமரும் இடத்தில் அதே எண்ணெய் மெழுகுபோல் படிந்திருப்பது தெரியும். ரப்பர் ஹோஸை நெகிழ்வாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருட்களை எரிவாயு மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவருகிறது. இரவில் ரெகுலேட்டர் சிலிண்டரைவிடக் குளிர்ந்திருந்தால், வாயு அங்கே திரவமாகிக் கரைசலோடு தேங்குகிறது. பிறகு திரவம் ஆவியாகிப் போக, எண்ணெய் மட்டும் மிஞ்சுகிறது. ரெகுலேட்டர் சிலிண்டர் வாய்க்குக் கீழே இருந்தால் அத்தனையும் அதற்குள்தான் வழியும். அடைப்பு ஏற்பட்டால் வாயு வராது, அது தொல்லை மட்டுமே. வால்வு முழுதாக மூட முடியாமல் போனால்தான் ஆபத்து, ஏனெனில் கருவிகளுக்குச் செல்லும் அழுத்தம் கூடிவிடும்.

இதற்கான தீர்வு எளியது. ரெகுலேட்டரைச் சிலிண்டரின் வால்வைவிட உயரத்தில் பொருத்தி, ஹோஸ் இடையில் எங்கும் தொய்ந்து தொங்காமல் சிலிண்டரை நோக்கியே சரியும்படி விட வேண்டும். உள்ளே திரவம் சேர்ந்தாலும் அது வந்த வழியே திரும்பிவிடும். பெட்டியில் அதற்கு உயரம் இல்லாதபோது, எஃகு ஹோஸையும் நுழைவாயில் ஒரு ஃபில்டரையும் பரிந்துரைக்கிறேன். தாங்கியைக் கழற்றி மேலே ஏற்ற, சுவரில் புதுத் துளைகள் போட வேண்டியிருக்கும், கூலியும் கூடும். ரெகுலேட்டரின் விலையைவிடக் கூலி அதிகமா என்று வாடிக்கையாளர் தயங்கும்போது, கழற்றிய பழையதை அவர் கையிலேயே கொடுத்துக் கவிழ்க்கச் சொல்கிறேன். பெரும்பாலோர் அதற்குப் பிறகு சம்மதித்துவிடுகிறார்கள். துளையிடும்போது பெட்டிக்கும் படுக்கையறைக்கும் இடையிலான சுவரில் புதிய இடைவெளி எதுவும் உண்டாகிவிடக் கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையிலுள்ள திறப்பு வழியே வெளியேறத்தான் அந்தப் பெட்டி தனியாக அடைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திறப்பின் மேல் கித்தானோ பையோ கிடந்தால் அதையும் எடுத்துவிடுகிறேன்.

சிலிண்டரோடு இணைக்கும் நட் இடது மரை கொண்டது. வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். புரொப்பேன் இணைப்பில் உலோகத்தோடு உலோகம் அமர்வதானால் ஸ்பேனர் வேண்டும். கையால் முறுக்கும் பிடி உள்ளதைக் கையால் இறுக்கினால் போதும். புயூட்டேன் நட்டுக்குள் இருக்கும் கறுப்பு வாஷரைச் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். ரெகுலேட்டரின் மூச்சுத் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கியிருந்தால் ஈரம் புகுந்து உறைந்து, உள்ளே அழுத்தத்துக்கு ஏற்ப அசையும் சவ்வான டயாஃப்ரத்தை முடக்கிவிடும்.

பொருத்தி முடித்ததும் இணைப்புகளில் கசிவறியும் திரவத்தைத் தெளித்துக் குமிழி எழுகிறதா என்று பார்க்கிறேன். பாத்திரம் கழுவும் சோப்பு பித்தளையை அரிக்கக்கூடும் என்பதால் அதைப் பயன்படுத்துவதில்லை. பிறகு அழுத்தத்தை அளக்கும் மேனோமீட்டரை இணைத்து, பர்னர்களை எரியவிட்டு அழுத்தம் நிலையாக நிற்கிறதா என்று கவனித்து, எல்லாவற்றையும் அணைக்கிறேன். அணைத்ததும் அளவு சற்றே உயர்ந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால், அது அன்றைக்கு அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்த புத்தம்புது ரெகுலேட்டராகவே இருந்தாலும் கழற்றிக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்றைப் பொருத்துகிறேன்.