கறுப்பு பழுப்பாகும்போது: ஐஆர்என்டி ஃபில்டரைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பது

உச்சி வெயிலில் ஒரு ஷாட். ஒருவர் கறுப்புக் கோட்டு, இன்னொருவர் கறுப்புச் சட்டை. மானிட்டரில் கோட்டு மட்டும் அரக்கும் பழுப்பும் கலந்த நிறத்தில் தெரிகிறது. சட்டை கறுப்பாகவே இருக்கிறது. ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இரண்டும் ஒரே கறுப்புக்கு வராது. கேமரா பழுதாகவில்லை. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் என்டி (நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டர், அதாவது நிறத்தை மாற்றாமல் ஒளியைக் குறைக்க வேண்டிய கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் குறைத்துவிட்டு, அகச்சிவப்பை (ஐஆர்) அப்படியே விட்டிருக்கிறது. அகச்சிவப்பையும் கவனித்துக்கொள்ளும் என்டிதான் ஐஆர்என்டி.

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். சிலிக்கான் சென்சாரோ 1100 வரைக்கும் உணரும். அதனால்தான் சென்சாருக்கு முன்னால் ஒரு ஐஆர் தடுப்புக் கண்ணாடி வைக்கிறார்கள். ஆனால் அந்தத் தடுப்பு செங்குத்தான சுவர் அல்ல, ஒரு சரிவு. 700-க்குப் பக்கத்தில் கொஞ்சம் கசியும். என்டி இல்லாதபோது அந்தக் கசிவு மொத்த ஒளியில் மிகச் சிறிய பங்கு என்பதால் தெரியாது. என்டியின் எண்ணில் ஒவ்வொரு 0.3-மும் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக்கும் ஒரு படி. சாயம் கலந்த சாதாரண என்டி 1.2 போட்டால் கண்ணுக்குத் தெரியும் ஒளி 16-இல் ஒரு பங்காகிறது; அகச்சிவப்பு பெருமளவு குறையாமல் வருகிறது. இழந்த 4 ஸ்டாப்பை ஈடுகட்ட லென்ஸின் ஒளித்துளையான ஐரிஸைத் திறக்கிறோம். கசிவின் பங்கு ஏறக்குறைய 16 மடங்காகிவிடுகிறது. என்டி 1.8 என்றால் 64 மடங்கு, 2.1 என்றால் 128 மடங்கு. பெரும்பாலான கேமராக்களில் 0.6 வரை தெரியாமல் இருந்து 0.9, 1.2-இல் தலைகாட்டுவது இதனால்தான்.

ஃபிலிம் காலத்தில் இது பெரிய பிரச்சினையாக இல்லாததற்கு இரண்டு காரணங்கள். கலர் நெகட்டிவ் 700-க்கு மேல் ஏறக்குறைய குருடு. அதோடு இவ்வளவு கனமான என்டியும் தேவைப்படவில்லை. 50 ஐஎஸ்ஓ ஃபிலிமில், நல்ல வெயிலில், 1/48 ஷட்டருக்கு டி16 வரும் (டி எண் ஐரிஸின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), டி2.8-க்கு இறங்க 5 ஸ்டாப், அதாவது என்டி 1.5 போதும். அதே வெயிலில் 800 ஐஎஸ்ஓ சென்சாருக்கு 9 ஸ்டாப் வேண்டும். அது என்டி 2.7.

நிறம் ஏன் சிவப்புப் பக்கம் போகிறது? சென்சாரின் மேல் உள்ள மூன்று வண்ண ஃபில்டர்களில் 700 முதல் 800 வரையான ஒளியைச் சிவப்புதான் அதிகம் விடுகிறது. 850-ஐத் தாண்டினால் மூன்றுமே விட்டுவிடும். அங்கே நிறம் மாறுவதைவிடக் கறுப்பு வெளிறி கான்ட்ராஸ்ட் குறையும். பாலியெஸ்டர், நைலான் துணிகளில் பயன்படும் கறுப்புச் சாயங்கள் பல அகச்சிவப்பை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பிவிடும். இழையைவிடச் சாயமே முக்கியம் என்பதால், ஒரே கடையில் வாங்கிய இரண்டு கறுப்புத் துணிகள்கூட வேறு வேறாக நடந்துகொள்ளும். இலைகளும் 700-ஐத் தாண்டியவுடன் பலமாகப் பிரதிபலிக்கும், பச்சை மஞ்சள்பழுப்பாகும். இதைப் படம் முழுக்க ஒரே மாதிரி விழும் நிறச்சாயல் என்று நினைக்கக் கூடாது. பொருளுக்குப் பொருள் மாறுகிறது. டிஐயில் (படப்பிடிப்புக்குப் பிறகு நிறம் திருத்தும் கட்டம்) ஒரே திருத்தமாகச் சரிசெய்ய முடியாமல், கோட்டைத் தனியாக மாஸ்க் போட்டு ஷாட் ஷாட்டாக நகர்த்த வேண்டியிருப்பது அதனால்தான்.

கடையில் 'ஐஆர்என்டி' என்ற ஒரே பெயரில் மூன்று வகைகள் கிடைக்கின்றன. முதல் வகையில் என்டியோடு ஹாட் மிரர் பூச்சு சேர்ந்திருக்கும். அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இதில் வெட்டு கூர்மையானது, ஆனால் ஒளி சாய்வாக விழும்போது வெட்டுமிடம் குறைந்த அலைநீளத்துக்கு நகரும். வைட் லென்ஸில் ஃபிரேமின் மூலைகள் பச்சைநீலமாவது இதனால். இரண்டாவது வகை உறிஞ்சும் சாயத்தால் தொலைசிவப்பை, அதாவது 700-ஐ ஒட்டிய ஒளியை, வெட்டுவது. கோணப் பிரச்சினை இல்லை. ஆனால் லேசான பச்சைச் சாயல் வரும், ஃபில்டரை மாட்டிய பிறகே ஒயிட் பேலன்ஸ் எடுக்க வேண்டும். இந்த இரண்டுமே கேமராவின் உள் தடுப்போடு பொருந்தினால்தான் பயன். கேமரா 690-இல் கசிகிறது, ஃபில்டர் 720-இல் வெட்டுகிறது என்றால் பணம் கொடுத்தும் பழுப்பு போகாது.

மூன்றாவது வகை முழு நிறமாலை என்டி. வெற்றிடத்தில் கண்ணாடியின் மேல் மெல்லிய உலோகப் படலம் படியவைத்துச் செய்வது. அகச்சிவப்பைத் தனியாக வெட்டாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அதே அளவுக்குக் குறைக்கும். ஆகவே என்டி இல்லாதபோது இருந்த விகிதமே நீடிக்கும், எந்தக் கேமராவுக்கும் பொருந்தும். புதிதாக ஒரு செட் வாங்குவதானால் இதையே வாங்குங்கள் என்பேன். கேமரா என்டி இல்லாமலேயே கசிந்தால் அதை மட்டும் இது சரிசெய்யாது.

வேரியபிள் என்டியை நம்ப வேண்டாம். இரண்டு போலரைசர்கள் குறுக்கே நிற்பதால்தான் அது இருட்டாகிறது; சாதாரண போலரைசர் படலம் அகச்சிவப்பில் தன் வேலையை இழந்துவிடும். எவ்வளவு இருட்டாகத் திருப்புகிறோமோ அவ்வளவு பழுப்பு.

எந்த லேபிளையும் நம்பாமல் சோதித்துவிடுங்கள், அரை நாள்கூட ஆகாது. 2 கிலோவாட் டங்ஸ்டன் விளக்கு ஒன்று வேண்டும். எல்இடி கூடாது, அதில் அகச்சிவப்பு மிகக் குறைவு. கெட்ட ஃபில்டரும் தேறிவிடும். கிரே கார்டு, கலர் சார்ட், அவற்றோடு ஐந்தாறு கறுப்புத் துணிகள்: பாலியெஸ்டர், நைலான், பருத்தி, கம்பளி, வெல்வெட், முடிந்தால் படத்தின் உடைகளே. விளக்கை நெருக்கி வைத்து, ஃபில்டர் இல்லாமல் டி22-இல் சரியான எக்ஸ்போஷர் வரும்படி செய்யுங்கள். ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் எதையும் தொடாமல், ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஐரிஸை மட்டும் திறந்துகொண்டே போனால் 2.1-க்கு டி2-இல் நிற்பீர்கள். பிறகு ஒவ்வொரு ஷாட்டிலும் கிரே கார்டை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கறுப்புத் துணிகளை வெக்டார்ஸ்கோப்பில் (நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் வட்ட வரைபடம்) பாருங்கள். நடுப்புள்ளியில் நிற்க வேண்டியவை சிவப்பை நோக்கி நகர்ந்தால் கசிவு இருக்கிறது. கிரே கார்டே நகர்ந்திருந்தால் அது ஃபில்டரின் சொந்தச் சாயல், திருத்திவிடலாம். டிவி ரிமோட்டைக் கேமராவுக்குக் காட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. பல ரிமோட்டுகள் 940 நானோமீட்டரில் ஒளிர்பவை. நம் தொல்லையோ 700-ஐ ஒட்டியது. ரிமோட் தெரியவில்லை என்பதால் ஃபில்டர் நல்லது என்று ஆகாது. வைட் லென்ஸ் ஒன்றைப் போட்டு வெள்ளைச் சுவரையும் எடுத்துவிடுங்கள், மூலைகளுக்காக.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. வெட்டும் வகை ஐஆர்என்டி இரண்டை அடுக்கினால் சிவப்பு இரட்டிப்பாக வெட்டுப்படும். கனமான ஒன்றை ஐஆர் வகையிலும், கூடுதலாக வேண்டிய 0.3 அல்லது 0.6-ஐச் சாதாரணத்திலும் போடுவது மேல். ஆரி அலெக்ஸா மினியில் 0.6, 1.2, 2.1 என்றும், பிளாக்மேஜிக் உர்சா மினி ப்ரோவில் 2, 4, 6 ஸ்டாப் என்றும் உள்ளேயே என்டி உண்டு. அகச்சிவப்பைக் கணக்கில் எடுத்துச் செய்த உள் என்டியை முதலில் பயன்படுத்துங்கள்; அதன் முன்னால் மலிவான 1.2 ஒன்றை மாட்டினால் பழைய கதைதான். உலோகப் படலமும் ஹாட் மிரரும் கண்ணாடிபோல் மின்னும். பின்புறத்திலிருந்து மேட் பாக்ஸுக்குள் (லென்ஸின் முன் ஃபில்டர்களைத் தாங்கும் பெட்டி) ஒளி நுழைந்தால் லென்ஸின் முகமே ஃபிரேமில் பிரதிபலிக்கும். லென்ஸைச் சுற்றி மாட்டும் டோனட் ரிங்கால் இடைவெளியை அடைத்துவிடுங்கள். இரண்டு ஃபில்டர்களுக்கு நடுவே விளக்கின் இரட்டைப் பிம்பம் வந்தால், சாய்க்க வசதியுள்ள ட்ரேயைச் சில டிகிரி சாய்த்தால் அது ஃபிரேமை விட்டு வெளியேறும்.

இரண்டு கேமரா ஓடினால் இரண்டுக்கும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசை. ஃபில்டர் மாறும் ஒவ்வொரு முறையும் கிரே கார்டை ஐந்து விநாடி எடுத்து, ரிப்போர்ட்டில் ஃபில்டரின் அளவோடு வரிசைப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

சரியான ஃபில்டர் கைக்கு வராத நாளில் என்டியைக் குறைப்பதுதான் முதல் வழி: டி2.8-க்குப் பதில் டி5.6 என்றால் 2 ஸ்டாப் மிச்சம், கசிவு நான்கில் ஒன்று. ஐஎஸ்ஓவை 400-க்கு இறக்கினால் இன்னும் ஒரு ஸ்டாப், ஆனால் ஹைலைட்டில் அதே ஒரு ஸ்டாப் போகும். அதுவும் முடியாவிட்டால் சோதனையில் கறுப்பாகவே நின்ற துணியில் உடையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.