பத்து ரூபா வெட்டும் எட்டு நிமிட உரையும்

கொழும்பில் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு உரை தயாரிப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். ஆனாலும் எழுதிய வரிக்குப் பலன் கிடைக்கும் காலம் வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதம்தான், அதாவது ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் தனித்தனியாக எடுத்துப் பேசும் கட்டம். அதற்கு முன் நடக்கும் பொது விவாதமான இரண்டாம் மதிப்பீட்டில் பேசுபவர்கள் நாட்டுப் பிரச்சினை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போவார்கள். அமைச்சர் கடைசியில் நாலைந்தைப் பொறுக்கிப் பதில் சொல்லுவார், மிச்சம் காற்றோடு போகும். குழுநிலையில் அப்படியில்லை. அன்றைக்கு எடுக்கப்படும் அமைச்சின் செயலாளரும் திணைக்களத் தலைவர்களும் அதிகாரிகளுக்குரிய இடத்தில் பேனாவோடு இருப்பார்கள். எதிர்க்கட்சியில் ஒருவர் நிகழ்ச்சித்திட்டத்தை ரூபா 10 ஆல் குறைக்க வேண்டுமென்று பிரேரித்து விவாதத்தைத் தொடக்குவார். அந்தப் பத்து ரூபாவை ஒருவரும் வெட்டப்போவதில்லை, அது வாய் திறப்பதற்கான சம்பிரதாயம்.

நேரம் கட்சிவாரியாகப் பிரிக்கப்படும். சிறிய கட்சி உறுப்பினருக்கு எட்டு நிமிடம் கிடைத்தால் நல்ல நாள். தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டினால் உரைபெயர்ப்பாளர் பின்தங்கிவிடுவார். எண்ணூறு சொல் எழுதலாம் என்று கணக்குப் பார்க்கத் தோன்றும். அறுநூறோடு நிறுத்துவதே புத்தி, ஏனென்றால் யாராவது ஒழுங்குப் பிரச்சினை கிளப்புவார், முன்வரிசையிலிருந்து குறுக்கீடு வரும், நம்மவரும் சும்மா இருக்கமாட்டார், பதில் சொல்லப் போவார். அமைச்சரிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கடைசிப் பந்தியில் வைத்தால், தவிசாளர் “நேரம் முடிந்துவிட்டது” என்னும்போது அது தாளிலேயே கிடக்கும். மூன்றாவது நிமிடத்துக்குள் கேள்வி வந்துவிட வேண்டும். விளக்கத்தைப் பிறகு நீட்டலாம், குறைக்கலாம்.

மாதிவெலவிலுள்ள உறுப்பினர் விடுதியில் இரவு பத்து மணிக்கு, அமைச்சுகளின் ஒதுக்கீடுகள் அடங்கிய மதிப்பீட்டுப் புத்தகத்தை விரிக்கும்போதுதான் பெரிய பிழைகள் நுழைகின்றன. அதிலுள்ள தொகைகள் ஆயிரம் ரூபாவில் தரப்பட்டவை. 250,000 என்றிருந்தால் அது 25 கோடி ரூபா. இதைக் கவனிக்காமல் “வெறும் இரண்டரை இலட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள்” என்று முழங்கினால் எதிர்வரிசை சிரித்தே உரையை முடித்துவைக்கும். அடுத்தது நிரல் மாறுவது. ஓர் ஆண்டின் உண்மைச் செலவையும் இன்னோர் ஆண்டின் மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துக் கூடியது, குறைந்தது என்று சொல்வதில் பொருளில்லை. மதிப்பீட்டை மதிப்பீட்டோடும் செலவைச் செலவோடும்தான் ஒப்பிட வேண்டும். மூலதனச் செலவில் ஒதுக்கீடு ஒரு தொகை, திறைசேரி உண்மையில் விடுவிக்கும் கட்டுநிதி வேறொரு தொகை. பாடசாலைக் கட்டடம் பாதியில் நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் இந்த இடைவெளியில் இருக்கும். “ஏன் ஒதுக்கவில்லை?” என்று கேட்டால் அமைச்சர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார். “ஒதுக்கியதில் செப்டெம்பர் முடிய எவ்வளவு விடுவித்தீர்கள்?” என்றால் செயலாளரிடமிருந்து துண்டுக் காகிதம் வந்தாக வேண்டும்.

தோட்டச் சம்பளத்தை எடுங்கள். 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக வர்த்தமானியில் வந்த 1,000 ரூபா என்பது 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா வரவு செலவுத் திட்ட நிவாரணப் படியும் சேர்ந்தது. அந்த ஆயிரத்தையே அடிப்படைச் சம்பளம் என்று ஓர் உரை சொன்னால் முழு விவாதமும் அந்தத் திருத்தத்தில் சிக்கிவிடும். மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், ஒரு நாட்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்து கேட்டார்கள் என்ற உண்மையான பிரச்சினை வெளியே நின்றுவிடும்.

மொழி விடயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். தமிழில் பேசினால் பாராளுமன்ற உரைப்பதிவான ஹன்சாட்டில் தமிழிலேயே அச்சாகும், மொழிபெயர்ப்பு சேராது. சபையில் காதுக்கருவி வழியே கேட்ட சிங்களம் அந்த நேரத்தோடு சரி. பத்தரமுல்லையில் அமைச்சு அலுவலகத்தில் இருக்கும், தமிழ் தெரியாத ஓர் உதவிச் செயலாளருக்கு மறுவாரம் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது. ஆகவே கோரிக்கையை ஒரு பக்கச் சிங்கள ஆவணமாக்கி, கிராமப் பெயர், கிராம அலுவலர் பிரிவு, ஏக்கர், திகதி எல்லாம் நிரல்படுத்தி, “சபாபீடத்தில் சமர்ப்பிக்கின்றேன்” என்று உறுப்பினரைச் சொல்லவைக்க வேண்டும். ஊர்ப்பெயர்களும் எண்களும் உள்ள பிரதியை உரைபெயர்ப்பாளர் கூண்டுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் புதுக்குடியிருப்பு புதுக்குளமாக மாறாது.

2011 ஆகஸ்ட்டில் அவசரகால நிலை முடிவுக்கு வரும்வரை, அதை நீடிக்கும் பிரேரணை மாதாமாதம் சபைக்கு வந்துகொண்டிருந்தது. தமிழ் உறுப்பினர்கள் அந்த விவாதங்களில் பிடிக்கப்பட்டவர், காணாமற்போனவர் பெயரை இடத்தோடும் நாளோடும் வாசித்தார்கள். அன்றைக்கு வாக்கெடுப்பில் ஒன்றும் மாறவில்லைதான். ஆனால் அந்த ஹன்சாட்டுகளை இன்று புரட்டுபவருக்கு உதவுவது பெயரும் நாளும் உள்ள பந்திகளே. அடுக்குமொழியில் கொட்டிய உரைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சிறப்புரிமை இருப்பதால் சபைக்குள் சொன்னதற்கு வழக்குப் போட முடியாது. அதற்காக, எழுந்து பதில் சொல்ல வழியில்லாத ஒரு கீழ்நிலை உத்தியோகத்தரின் பெயரை இழுப்பது அழகில்லை, பதவியைச் சொன்னால் போதும். வழக்கு நடக்கும் விடயத்தை நிலையியற் கட்டளைகள் தடுக்கின்றன. வழக்கு மனுவின் உள்ளடக்கத்துக்குள் போகாமல் நிருவாகத் தாமதத்தைப் பற்றி மட்டும் கேட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

உரை முடிந்த பிறகு பலர் காணொளியை வெட்டிப் பகிர்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிழை திருத்தப்படாத ஹன்சாட் பிரதி கிடைத்து இரண்டு வாரத்துள் திருத்தங்களைப் பதிப்பாசிரியருக்கு அனுப்ப வேண்டும். எண்களும் ஊர்ப்பெயர்களுமே அதில் அதிகம் திருத்த வேண்டியவை. பிறகு பக்கத்தின் மேலுள்ள பத்தி (column) எண்ணைக் குறிப்பிட்டு, அமைச்சர் கொடுத்த வாக்குறுதியை அவர் சொன்ன சொல்லிலேயே எடுத்தெழுதி, அமைச்சின் செயலாளருக்குச் சிங்களத்தில் கடிதம் போக வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அதையே வாய்மூல விடைக்கான வினாவாகக் கொடுக்கலாம். அமைச்சர் கால அவகாசம் கேட்பார். கேட்கட்டும், வினா ஒழுங்குப் பத்திரத்துக்குத் திரும்பி வரும்.