கடற்காற்று வரும் நேரம்

முழுப் பரீட்சை முடிந்த கையோடு திருச்சியிலிருந்து அக்காவின் பிள்ளைகள் இருவரும் மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு எட்டு. ஒரு மாதம் தங்குவார்கள். முதல் கோடையில் அவர்களைத் திரையரங்குக்கும், வணிக வளாகத்து விளையாட்டுக் கூடத்துக்கும் அழைத்துச் சென்றதில், இரண்டே நாளில் அந்த மாதத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் கரைந்து போனது. அதற்குப் பிறகுதான், இந்த ஊரில் காசில்லாமலும் ஐந்து பத்து ரூபாயிலும் போகக்கூடிய இடங்கள் எவை என்று தேடத் தொடங்கினேன். இடங்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் எந்த நேரத்தில் எங்கே போவது என்பது தெரியாவிட்டால் அவற்றால் பயனில்லை என்பதை அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதக் கடைசி வாரத்தில், பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளைகளை மெரினாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடல் பக்கத்தில் இருக்கும்போது காற்றுக்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன். காற்று இருந்தது, ஆனால் அது கடலிலிருந்து வரவில்லை, நகரத்தின் பக்கமிருந்து அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் வந்தது. மணல் சுட்டதில் சின்னவள் ஒரு செருப்பைத் தவறவிட்டு, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு பாதி வழியிலேயே திரும்பினோம். தண்ணீர்க் கரையைக்கூடப் பார்க்கவில்லை.

அதன் காரணத்தைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காலை வெயிலில் தரை வேகமாகச் சூடாகி, அதன் மேலுள்ள காற்று இலேசாகி மேலே எழும். அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஏப்ரல் மாதத்தில் பெரும்பாலும் நடுப்பகலை ஒட்டியே இது நடந்துவிடுகிறது. மே மாதம் போகப்போக மேற்கிலிருந்து வீசும் காற்று வலுத்து, கடற்காற்றைக் கரையேற விடாமல் தடுத்து நிறுத்துகிறது. சில நாட்களில் மூன்று, நான்கு மணிவரைக்கும்கூட அது வராது. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அத்தகைய நாட்களில்தான். இப்போது நான் மாடிக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்துத்தான் கிளம்புகிறேன். புடவையின் நுனி கிழக்கே பறந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்போம்; அது தொய்ந்து, திரும்பி, மேற்கே பறக்கத் தொடங்கினால் செருப்பை மாட்டிக்கொள்ளலாம். பெரியவன் இந்த வேலையைத் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டான். "சித்தி, துணி திரும்பிடுச்சு" என்று மாடியிலிருந்து அவன் குரல் கொடுத்த பிறகுதான் எங்கள் மாலை தொடங்கும்.

நடுப்பகலுக்கு எங்களுக்கு வாய்த்திருப்பது கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம். திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம். பயணச்சீட்டு ஐந்து ரூபாய். பசுமைவழிச்சாலை நிலையத்தைத் தாண்டியதும் ரயில் அடையாற்றைக் கடக்கும்போது பிள்ளைகள் இருவரும் கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்; நான் அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த நூலகத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. முழுவதும் குளிரூட்டப்பட்டது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. அங்கே தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள படக்கதைகளைச் சின்னவள் தரையில் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டால், மாலைவரை அவளை எழுப்ப முடியாது. கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தையும் மாவடுவையும் வெளியே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உள்ளே போவோம். மூன்று பேருக்குப் போகவர முப்பது ரூபாய் ஆகும் அந்த நாளை, இந்த நகரம் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் செய்திருக்கும் பெரிய உபகாரமாகவே நான் கருதுகிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகமும் நண்பகலுக்கு ஏற்றதுதான். 1851இல் தொடங்கப்பட்டது, வெள்ளிக்கிழமை விடுமுறை. திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். எனக்கு வெண்கலச் சிலைக் கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும்.

கடற்காற்று வந்த பிறகு போகும் இடங்களில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, மெரினாவுக்கு எதிரே இருக்கும் வட்ட முகப்புக் கட்டடம். இன்று அது விவேகானந்தர் இல்லம். 1897இல் அவர் ஒன்பது நாட்கள் அங்கே தங்கியிருந்தார். ஆனால் கோடையில் அந்தக் கட்டடத்தின் முன்கதையைச் சொல்லாமல் அதைக் கடந்துபோகக் கூடாது. 1842இல் அது பனிக்கட்டிகளைச் சேமித்து வைக்கவே கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பக்கத்தில், குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, மாதக்கணக்கில் கடல்வழியாகக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். இங்கேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அந்தப் பகுதிக்கு மட்டும் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் நின்றுவிட்டது. பேருந்து நடத்துநர்கள் இன்றும் அப்படித்தான் கூவுகிறார்கள். "அவ்வளவு தூரம் வந்தும் உருகலையா?" என்று சின்னவள் கேட்டாள். ஒரு பங்கு உருகித்தான் போயிருக்கும், மிஞ்சியதை விற்றிருப்பார்கள் என்றேன். அன்று சாலையோரத்தில் வாங்கிய குச்சி ஐஸை அவள் வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டாள்.

எல்லாவற்றையும்விட நான் யாரைப் பார்த்தாலும் போய்வரச் சொல்வது, பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் காட்சியை. மயிலாப்பூரில் 29சி பேருந்தில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், எனக்கும் சின்னவளுக்கும் செலவே கிடையாது. மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகள், சனவரி முதல் மார்ச் வரையிலான இரவுகளில் இந்தக் கரையேறி, ஒவ்வொன்றும் நூறு முட்டைகளுக்கு மேல் இட்டுவிட்டுப் போகின்றன. நாய்களிடமிருந்தும் மனிதர்களிடமிருந்தும் அவற்றைக் காப்பாற்ற, 1988 முதல் மாணவர்கள் குழு ஒன்று இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் மறுபடியும் புதைத்து வருகிறது. வனத்துறையும் இந்தப் பணியைச் செய்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. மணலின் சூடு கூடுதலாக இருந்தால் பெண் குஞ்சுகளும், குறைவாக இருந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகமாகப் பொரிக்கும் என்பதைக் கேட்டதிலிருந்து, நம்மை வதைக்கும் இந்த வெப்பத்தைப் பற்றி எனக்கு வேறு விதமான கவலையும் வந்திருக்கிறது.

சென்ற ஏப்ரலில் நாங்கள் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு மூங்கில் கூடையில், ஒன்றின் மேல் ஒன்றாகத் தீப்பெட்டி அளவுக் கருஞ்சாம்பல் குஞ்சுகள் துடுப்புகளை அடித்துக்கொண்டிருந்தன. மணலில் கிழித்த கோட்டுக்கு இப்பால் நிற்க வேண்டும், படம் எடுக்க விளக்குப் போடக் கூடாது என்று சொன்னார்கள். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையைத்தான் கடல் என்று நம்பி நகரும் என்பதால், கரையோரத்துக் கட்டட விளக்குகளே அவற்றுக்கு ஆபத்தாகின்றன. கூடையைச் சாய்த்ததும் அவை ஈர மணலில் நூல் இழுத்ததுபோல் தடம் பதித்துக்கொண்டு முன்னேறின. ஓர் அலை வந்து பலவற்றைப் பின்னுக்குப் புரட்டிப் போட்டது. மறுபடியும் நிமிர்ந்து நடந்தன. இருநூறு பேர் கூடியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசியாக ஒன்று மட்டும் தடத்தின் பள்ளத்தில் சிக்கி நின்றது. சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டாமல், எட்டி எட்டிப் பார்த்தாள். மூன்றாவது அலையில் அதுவும் போய்விட்டது. திரும்பி வரும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, அது இந்நேரம் எவ்வளவு தூரம் நீந்தியிருக்கும் என்று அடையாறு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். இந்த ஆண்டு அவர்கள் பள்ளியில் பரீட்சை தள்ளிப்போய்விட்டது. மே மாதத்தில்தான் வருகிறார்கள். அதற்குள் எல்லாக் குஞ்சுகளும் போய்விடுமா என்று நேற்றிரவு தொலைபேசியில் விசாரித்தாள். ஒன்றிரண்டு கூடுகளாவது மிச்சமிருக்கும், வந்ததும் அன்று மாலையே போய்ப் பார்த்துவிடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.